கடுகு, உளுந்து, மொச்சை: வீட்டுவண்டியின் கல்லடிப் பதிவேடு

நான் கண்ணால் கண்டவை, என் கைப்பட எழுதிவைத்தவை, இருவர் தனித்தனியே ஒரே விதமாகச் சொன்னவை ஆகிய மூன்றையும் அன்றி வேறெதையும் இக்கட்டுரையில் சேர்க்கவில்லை. இதை அடக்கத்தின் பொருட்டுச் சொல்லவில்லை. சரிபாராத ஒன்றை உண்மையென்று நான் கொண்டதனால் ஓர் ஓட்டுநரின் வேலை ஒருமுறை போகவிருந்தது. அன்று முதல், ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டேன். உரையாடல்களிலும், அன்றன்று என் குறிப்பேட்டில் பதிந்தவற்றை மட்டுமே பேசியவர் வாய்மொழியாகத் தருகிறேன். ஏனையவற்றின் சாரத்தைச் சொல்லி அமைகிறேன். பணிபுரிந்த துறையின் பெயரும் அதிகாரிகள் சிலரின் பெயர்களும் இதற்குத் தேவையில்லை.

எழுதத் தூண்டியது ஒரு தகரப்பெட்டி. ஓய்வு பெற்ற பின் சில தாள்களை வாங்கிவர, புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த மோட்டார் பட்டறைக்குச் சென்றிருந்தேன். பெயிண்டு அறையில் இருந்த இளைஞர் மூவர் ஒரு பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தனர். பெட்டியில் மூன்று அறைகள். ஒன்றில் கடுகு, ஒன்றில் உளுந்து, ஒன்றில் மொச்சை. உளுந்தில் பாதியை வண்டு தின்றிருந்தது.

"ஐயா, ஒங்க காலத்துல இங்கிட்டுச் சமையல் நடந்துச்சாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

அவை அளவுகோல்கள் என்றேன். அவர்கள் நம்பவில்லை. அவர்கள் நம்பாததில் பிழையும் இல்லை. இப்பொழுது பெரும்பாலான சாலைகளுக்குத் தார் வந்துவிட்டது. கல் தெறித்து வண்டியின் வண்ணம் பெயர்வது அரிதாகிவிட்டது. அதை அளக்க ஒரு பதிவேடு இருந்தது என்பதே இன்று கதை போலத் தோன்றும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வயது வரை ஓர் ஆசிரியரிடம் இலக்கணமும் பழைய செய்யுளும் பயின்றேன். குடும்பச் சூழலால் படிப்பு நின்றது. கையெழுத்து நன்றாக இருந்ததால் கடைப் பலகைகள் எழுதினேன். பலகையிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து சமஸ்தானத்து மோட்டார்க் கொட்டகைக்கும் வந்தேன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது கொட்டகையும் அதிலிருந்த நாங்களும் அரசுப் பட்டறைக்கு உரியவர்களானோம். அங்கே எனக்குப் புலவர் என்று பெயர். மரியாதையால் வந்த பெயர் அன்று. 'பிரேக்' என்று எழுதச் சொன்ன இடத்தில் நான் 'நிறுத்தி' என்று எழுதியதனால் வந்தது. இக்கட்டுரையில் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. பட்டறையில் வழங்கிய சொற்களை வழங்கியபடியே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்த வண்டி எங்களிடம் வந்தது. லாரிச் சேசிஸின் மேல் வீடு போன்ற கூண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே மடக்குக் கட்டில்கள், மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு மாடம், கை கழுவத் தொட்டி, கூரையில் தண்ணீர்த் தொட்டி, மருந்து அலமாரி. சுகாதாரக் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, பத்து நாள் வரை அதிலேயே உண்டு உறங்கிப் பணி செய்வார்கள். அரசுத் தாள்களில் அதற்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் இருந்தது. மக்கள் அதை வீட்டுவண்டி என்றார்கள். வல்லத்திராக்கோட்டையில் ஒரு பெண் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், கொல்லைப்புறம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டதாக ஓட்டுநரும் குழுவின் மருத்துவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஆகவே அதைச் சேர்க்கிறேன்.

மேற்பாதி பாலேட்டு நிறம். கீழ்ப்பாதியும் முகப்பும் கரும்பச்சை. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் ஈயச்சிவப்பு. அது காய்ந்தபின், மேடுபள்ளம் நிரவும் வெள்ளைப் பட்டியை மெல்லிய தகட்டுக் கரண்டியால் இழுத்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். இவ்வாறு நான்கு முறை. அதன்மேல் அடிவண்ணம், இரண்டு பூச்சு எனாமல், இறுதியில் வார்னிஷ். வேலை முடிந்த நாளில் அதன் பக்கவாட்டில் எங்கள் முகம் தெரிந்தது. முதற் பயணம் போய்த் திரும்பிய நாளில் அம்மை வார்த்தது போலிருந்தது.

எங்கள் பக்கத்துச் சாலைகள் அக்காலத்தில் செம்புறைச் சரளை. அந்தச் சரளை மண்போலத் தோன்றினாலும் மண் அன்று. உருண்டையாய், இரும்புக்கு நிகரான கனத்தோடு, சுண்டைக்காய் அளவில் கிடக்கும். சக்கரத்தடியில் சிக்கினால் கவணிலிருந்து புறப்பட்டது போலப் பாயும். ஓரிடத்தில் வண்ணம் பெயர்ந்தால் அந்தத் துளை வழியே ஈரம் புகும். துரு பக்கவாட்டில் பரவும். நல்ல வண்ணம் அடியில் பிடிப்பற்று மேலெழும்பும். இதைப் பட்டறையில் கல்லடி என்பார்கள்.

அந்தக் கல்லடியை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் ஃபோர்மன் சவரிமுத்து. ஒல்லியானவர். காதில் எப்பொழுதும் ஒரு சாக்குக்கட்டி இருக்கும். கூட்டுகிறவர் முதல் மேலதிகாரி வரை எல்லோரையும் 'நீங்க' என்றே அழைப்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் ஒருவரிடம், "ஒங்ககிட்ட ஒரு சின்ன விசயம் கேக்கலாங்களா?" என்றால் பட்டறையில் சுத்தியல் ஓசை நின்றுவிடும்.

அவர் வகுத்த முறை இது. பயணத்துக்கு முதல்நாள் வண்டியைக் கழுவி, காலை வெயில் சாய்வாக விழும் கொட்டகை வாயிலில் நிறுத்த வேண்டும். இடப்பக்க முகவிளக்கில் தொடங்கி, கோயிலைச் சுற்றுவது போல வலமாக ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு கல்லடியையும் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம். பெட்டியிலிருந்து தானியத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்து, கடுகா உளுந்தா மொச்சையா என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பதிவேட்டின் அடுத்த கட்டத்தில் ஆழம்: பட்டி வரையா, ஈயச்சிவப்பு வரையா, இரும்பு வரையா. கடைசிக் கட்டத்தில், ஈயச்சிவப்பு தொட்டு மூடியாயிற்று என்பதற்கு மூடியவரின் கையொப்பம். திரும்பிவந்ததும் மறுபடியும் அதே சுற்று. அங்குலக் கோல் இருக்கத் தானியம் எதற்கு என்று நான் கேட்டேன். கோலை வைத்தால் ஆளுக்கோர் அளவு சொல்வார்கள், உளுந்தை வைத்தால் உளுந்து என்றுதான் சொல்ல முடியும் என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது.

ஆறு பயணங்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது ஒரு வியப்பு கிடைத்தது. முகப்பில் வலப்பக்கம் அடி அதிகம். வண்டியின் வயிற்றுப் பகுதியில் இடப்பக்கம் அதிகம். ஒரே சாலையில், ஒரே வண்டியில் இது ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஓட்டுநர் கருப்பையாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்ல ஒரு பீடி பற்றவைக்கும் நேரங்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"புலவரே, எதுத்தாப்புல வர்ற பஸ்ஸு அடிக்கிறது மூஞ்சியில விழும். அது வலப்பக்கமாத்தான வருது? நம்ம இடச்சக்கரம் ரோட்டு ஓரத்துப் பொடிக்கல்லுல ஓடுது. அது நம்ம வயித்துலயே அடிக்கும். இதுக்கு எதுக்குங்க நோட்டு?"

கருப்பையாவுக்கு முப்பது வயதிருக்கும். திருவரங்குளத்துக்காரர். வேலை தற்காலிகம், நான்கு ஆண்டுகளாக நிரந்தரமாகுமென்று காத்திருந்தார். அந்த ஆண்டு அவர் பெயர் பட்டியலில் இருந்தது. ஒரு குற்றச்சாட்டுப் போதும், பெயர் நீங்கிவிடும். இதைப் பட்டறையில் எல்லோரும் அறிவோம்.

அடி விழும் இடம் தெரிந்தபின், தடுப்பது எப்படி என்பதே எங்கள் ஆர்வமாயிற்று. வண்ணம் பூசிய தகட்டுத் துண்டுகளை மரத்தில் சாய்த்து, உண்டிவில்லால் சரளையை எறிந்து பார்த்தோம். முதல் கல்லை எறிந்தவர் சவரிமுத்துவே. அது தவறிப்போய் அலுவலகக் கூரையின் ஓடு ஒன்றை உடைத்தது. உடனே ஓட்டுக்கு மன்னிப்புக் கேட்பவர் போலத் தொப்பியைக் கழற்றினார். தகட்டின் முன் சாக்கு, தென்னைநார்ப் பாய், பனையோலை, பழைய டியூப் ரப்பர் என ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுச் சோதித்தோம். ரப்பர் சிறந்தது. சக்கரங்களின் பின்னால் அதைத் தொங்கவிட்டதும் வயிற்றுப் பகுதியில் அடி வெகுவாகக் குறைந்தது. நார்ப்பாய் தன் இழைகளில் சரளையைப் பிடித்து வைத்துக்கொண்டு வண்ணத்தைத் தானே அராவியது. முகப்புக்குத்தான் வழி கிடைக்கவில்லை. எதைத் தொங்கவிட்டாலும் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது. சாக்குக் கட்டிப் பார்த்த அன்று திருவரங்குளம் தாண்டுமுன் தண்ணீர் கொதித்துவிட்டது.

கல்லைத் தடுத்துக் காற்றை விட வேண்டும். அப்படிப்பட்ட பொருள் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வலை என்று தோன்றியபோது, பல நாள் வராத சீர் ஒன்று செய்யுளில் வந்து அமைந்தது போலிருந்தது. அடுத்த கடற்கரைப் பயணத்தில் கருப்பையா கோட்டைப்பட்டினத்தில் ஒருவரிடமிருந்து பழைய நூல்வலை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். சிறு கண் வலை, செம்மை கலந்த பழுப்பு நிறம். மூன்று மடிப்பாக மடித்து, தகட்டுக்கு நான்கு விரற்கடை முன்னால் தொங்கவிட்டு எறிந்தோம். உளுந்துக்கு மேற்பட்ட அடி ஒன்றுகூட விழவில்லை. கல் வலையில் மோதி வலுவிழந்து, தகட்டைத் தொட்டுக் கீழே உதிர்ந்தது. வலையை ஐந்து நாள் தகட்டின் மேலேயே கொட்டகைக்குள் விட்டுவைத்தேன். வண்ணத்துக்கு ஒன்றும் நேரவில்லை. 'வலையால் தீங்கில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். நான் எழுதிய சொற்றொடர்களுள் நான் மிகவும் வருந்துவது அதுவே.

அடுத்து நடந்தவை ஒரு தை மாதத்தில் நடந்தவை. சவரிமுத்து தம் மகள் திருமணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தார். வீட்டுவண்டி கோட்டைப்பட்டினம் பக்கம் ஒன்பது நாள் பயணம் புறப்பட வேண்டும். புறப்படும் நாளை ஒருநாள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் சுற்றிவந்து எழுதி முடித்தபோது முகப்பிலும் பானெட்டிலும் பதினோரு கல்லடிகள் இருந்தன. எல்லாம் கடுகு, எல்லாம் இரும்பு வரை. ஈயச்சிவப்புத் தொட்டால் காய ஒருநாள் வேண்டும். கடுகுதானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கடைசிக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அத்துடன், வண்டியின் வெளிப்புறத்தில் எதையும் ஃபோர்மன் கையொப்பமின்றிக் கட்டலாகாது என்ற விதி இருந்தும், வலையைக் கட்டிக்கொண்டு போகும்படி கருப்பையாவிடம் சொன்னேன்.

"ஃபோர்மன் வரட்டுங்களே," என்றார் அவர்.

"வந்தால் அவரே கட்டச் சொல்வார்," என்றேன். ஊர்களில் தங்கும்போது வலையை அவிழ்த்துப் பானெட்டின் மேல் மடித்து வைக்கும்படியும் சொன்னேன். பனியில் தரையில் போட்டால் இற்றுவிடும் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் நாள் வண்டி திரும்பியபோது, எதிர்பாராத வகையில் ஜில்லாத் தலைமையிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். விடுப்பு முடிந்து சவரிமுத்துவும் அன்றுதான் வந்திருந்தார். நான் பதிவேட்டோடு வெளியே வந்தேன். முகப்பைப் பார்த்தேன். நான் கடுகு என்று எழுதிய இடங்களிலெல்லாம் மொச்சை அளவில் துரு. பானெட்டின் மேல் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மீன் நாற்றம் வீசியது. முகவிளக்கின் வளையத்தில் இரண்டு மீன்செதில்கள் ஒட்டியிருந்தன. வாயிலிலேயே அவிழ்த்துக் கருவிப்பெட்டியில் கருப்பையா வைத்திருந்த வலையை அதிகாரி தாமே எடுத்தார்.

அவர் முடிவுக்கு வர நேரம் ஆகவில்லை. வண்டியைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறான், மீன் ஏற்றியிருக்கிறான் என்றார். இடையில் இரண்டு நாள் குழுவினர் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தனர். வண்டி கருப்பையாவின் பொறுப்பில் தனியே நின்றிருந்தது. ஆகவே மருத்துவராலும் உறுதியாக மறுத்துச் சொல்ல முடியவில்லை.

"மூஞ்சியில கட்டியிருந்தேங்க, கல்லு படாம," என்றார் கருப்பையா.

யார் கட்டச் சொன்னது என்று அதிகாரி கேட்டார்.

"நான்தாங்க கட்டினேன்."

நான் நான்கு அடி தொலைவில் நின்றேன். பதிவேடு என் கையில் இருந்தது. நான் பேசவில்லை.

பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், அதுவரை கருப்பையா வண்டியைத் தொடலாகாது என்று உத்தரவாயிற்று. அடுத்த இரண்டு நாள்களில் என் மனத்தில் ஓடியதையும் எழுத வேண்டும். வலையை ஐந்து நாள் சோதித்தவன் நான். அதனால் துரு வராது என்பது எனக்கு உறுதி. எனவே வண்டி கடல்நீரில் இறங்கியிருக்கத்தான் வேண்டும், கருப்பையா தவறு செய்திருக்கத்தான் வேண்டும் என்று நம்பினேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை சவரிமுத்து என்னை அழைத்து, வண்டியை மறுபடியும் ஒரு சுற்று வருவோம் என்றார். இம்முறை வட்டமிட்டவர் அவர், எழுதியவன் நான். பதினொன்றாவது வட்டம் முடிந்தபின் பதிவேட்டை வாங்கி, பழைய பக்கத்தைத் திருப்பி, வெறுமையான கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"புலவரே, ஒங்ககிட்ட ஒரு சின்ன விசயம் கேக்கலாங்களா? இந்தக் கட்டம் ஏன் பசியா இருக்கு?"

நேரமில்லை என்றேன். தலையசைத்தார். அவ்வளவுதான். அவர் போனபின் அந்த இடங்களை நான் முதன்முறையாக முகம் நெருங்கப் பார்த்தேன். துருவென்றால் செம்மை. இங்கே செம்மையைச் சுற்றி ஒரு கருவிளிம்பு இருந்தது. நீலம் கலந்த கருமை. இருபது ஆண்டுகளாகத் துருவைப் பார்த்தவன் அப்படி ஒரு விளிம்பைக் கண்டதில்லை. ஆனால் அந்த நிறத்தை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. நண்பகல் உணவின்போது என் வலக்கைச் சுட்டுவிரலைப் பார்த்தேன். இளமையில் ஆண்டுக்கணக்காக அந்த விரலில் அதே கறை இருந்தது. ஆசிரியர் வீட்டில் நாங்களே மை காய்ச்சுவோம். கடுக்காயை இடித்து ஊறவைத்த துவர்நீரில் இரும்பு சேர்த்தால் கருநீல மை. வண்டியின் முகப்பில் இருந்தது மை.

மைக்கு இரண்டு பொருள் வேண்டும். இரும்பு வண்டியில் இருந்தது. துவர்ப்பு எங்கிருந்து வந்தது? கருவிப்பெட்டியிலிருந்து வலையின் ஒரு முழத்தை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஆணிகளோடு ஊறவைத்தேன். மறுநாள் நீர் கறுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போனேன். கருப்பையாவுக்கு வலை கொடுத்தவர் காசிம் என்பவர். படகுக்குச் சொந்தக்காரர். வலையை விரித்துப்போட்டுக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். வலைக்கு நிறம் எதனால் வந்தது என்று கேட்டேன். ஆவாரம்பட்டையைக் காய்ச்சி அதில் முக்குவார்கள், நூல் இற்றுப்போகாது என்றார். துவர்ப்பு கிடைத்துவிட்டது. ஆனால் மையினால் விளிம்பு கறுக்குமே தவிர, ஒன்பது நாளில் கடுகு மொச்சையாகாது. அதையும் கேட்டேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அலசுனீங்களா?"

இல்லை என்றேன். காய்ந்துதான் இருந்தது என்றேன்.

"காஞ்சா உப்பு எங்கிட்டுப் போகும்? நூலுக்குள்ளதான இருக்கும். ராவுல பனி எறங்குனா அது தண்ணியக் குடிச்சுக்கிட்டு நனைஞ்சு கெடக்கும். எங்க நங்கூரமே வருசத்துல பாதியாத் தேயுது, ஒங்க தகரம் எம்மாத்திரம்? பத்துக் கொடம் நல்லதண்ணி ஊத்தி அலசணுங்க. இது எங்க வீட்டுக் கைப்புள்ளைக்கே தெரியுமே." பிறகு, தம் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "படிச்சவுகளாம்," என்றார்.

கொட்டகைக்குள் என் ஐந்து நாள் சோதனையில் பனி இல்லை. தகட்டில் காயமும் இல்லை. வண்டியிலோ பதினோரு காயங்கள் மூடப்படாமல் திறந்திருந்தன. இரவுதோறும் உப்பேறிய வலை, நான் சொன்னபடியே, அவற்றின் மேல் ஈரப் பற்றுப் போட்டது போலக் கிடந்தது.

திங்களன்று சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை கட்டச் சொன்னது, மடித்துப் பானெட்டின் மேல் வைக்கச் சொன்னது, காயங்களை மூடாமல் விட்டது, அன்று வாய் திறவாதது. நான் முடித்ததும் அவர் எழுந்து நின்று, எனக்கு நாற்காலியைக் காட்டினார். அவர் கோபத்தின் உச்சம் அது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஒக்காருங்க. நீங்க சொல்றது நெசமா இருக்கலாம். நெசமா இருந்தா மட்டும் போதாது. அந்தப் பையன் ஒங்களுக்காகச் சொன்னான், நீங்க இப்ப அவனுக்காகச் சொல்றீங்கன்னு மேல இருக்கவுக நெனைப்பாங்க. தகரத்தப் பேச வைங்க."

வண்டிக்குப் பூசிய அதே வண்ணம் பூசிய பழைய தகட்டுத் துண்டுகளில் மூன்றை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஆணியால் நான்கு காயம், கடுகு அளவு, இரும்பு வரை. முதல் தகட்டின் மேல் வந்தபடியே வலை. இரண்டாவதில் பத்துக் குடம் நீரில் அலசிய வலை. மூன்றாவது வெறுந்தகடு. கொட்டகைக் கூரைமேல் பனியில் ஏழு நாள். காலையில் இருவரும் ஏணியேறித் தானியத்தை வைத்துப் பார்த்து எழுதினோம். உளுந்தை வைக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார், நானும் அடக்கிக்கொண்டேன். ஏழாம் நாள் முதல் தகட்டில் மூன்று காயம் மொச்சை, ஒன்று அதனினும் பெரிது, நான்கிலும் கருவிளிம்பு. இரண்டாவதில் கருவிளிம்பு மட்டும். துரு கடுகைத் தாண்டவில்லை. மூன்றாவதில் கருமையே இல்லை, இலேசான செம்மை. அந்த மூன்று தகடுகளைப்போல ஐயந்திரிபற எதையும் நான் எழுதியதில்லை.

எழுத்துமூலமான என் வாக்குமூலமும் வேண்டும் என்றார் சவரிமுத்து. நான் பேனாவைத் திறந்தேன். அவர் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பேனா வேணாங்க. இதுல எழுதுங்க."

வலையும் ஆணியும் ஊறிய நீரை வடிகட்டி, கட்டைப் பேனாவால் தொட்டு எழுதினேன். எழுதும்போது எழுத்துகள் வெளிறிய சாம்பல் நிறமாக இருந்தன. படிக்கக்கூட முடியாதென்று அஞ்சினேன். உறையில் போட்டு அனுப்பும் நாளில் அவை நன்றாகக் கறுத்திருந்தன. எந்தப் பொருளால் வண்டி கறைப்பட்டதோ அதே பொருளால் எழுதப்பட்டது இவ்வாக்குமூலம் என்று கடைசி வரியாகச் சேர்த்தேன். அதிகாரி தகடுகளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்ததாகவும், பிறகு தாளை முகர்ந்து பார்த்ததாகவும் சவரிமுத்து சொன்னார். அதை ஒருவர் மட்டுமே சொன்னார். என் விதிக்கு இந்த ஒன்று விலக்கு.

கருப்பையா மீதிருந்த குற்றச்சாட்டு நீங்கியது. அந்த ஆண்டுப் பட்டியலிலேயே அவர் நிரந்தரமானார். அனுமதியின்றி வலை கட்டச் செய்ததற்கும் காயங்களை மூடாததற்கும் என் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. அது முறையான தீர்ப்பு. வலையை அலசி, கையொப்பத்தோடு, சாலைகளுக்குத் தார் வரும்வரை முகப்பில் கட்டினோம். அதன்பின் முகப்பில் மொச்சை அளவில் ஒரு கல்லடிகூடப் பதியவில்லை.

உத்தரவு வந்த அன்று கருப்பையா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அருகே சென்று, என் பெயரை அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்தார்.

"கட்டச் சொன்னது நீங்க. கட்டுனது நான். அவுக யார் கட்டுனதுன்னுதான கேட்டாக?"

அதிகாரி கேட்டது அதுவன்று. யார் கட்டச் சொன்னது என்பதே கேள்வி. என் குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்படியா கேட்டாக?" என்றார் கருப்பையா. "எனக்குச் சரியாக் காதுல விழல போலருக்கு. வாளிய இங்கிட்டுத் தள்ளுங்க புலவரே."

வாளியைத் தள்ளினேன்.

இனி, தெரியாதவை. நான் நிறுவியது ஒன்றே: துருவும் செதிலும் நாற்றமும் வலையால் வந்திருக்கக்கூடும் என்பது. அந்த இரண்டு நாள்களில் வண்டி எங்கே நின்றது என்பதை நான் நிறுவவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பயணத்தில் பின்கதவின் மேல்மூலையில் உளுந்து அளவில் ஒரு கல்லடி விழுந்திருந்தது. எதிர்வண்டியின் கல்லோ எங்கள் சக்கரத்தின் கல்லோ அவ்விடத்தை எட்ட வழியில்லை. எப்படி விழுந்ததென்று எனக்குத் தெரியாது. நான் மையால் எழுதிய தாள் எந்தக் கோப்பில் இருக்கிறதென்று தெரியாது. அதிகாரியின் கேள்வி அன்று கருப்பையாவின் காதில் சரியாக விழுந்ததா என்பதும் தெரியாது. அந்தக் கருவிளிம்பு என் கண்ணில் படாமல் போயிருந்தால் பதினைந்தாம் நாளுக்குள் நான் பேசியிருப்பேனா என்பதை இத்தனை ஆண்டுகளில் பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்குச் சோதனை ஏதும் இல்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுகிறேன்.